ஆறு வயது வரை பொறுத்திரு, குழந்தாய்

தமிழில் கல்வி பற்றி எழுதப்படும் கட்டுரைகளுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. அவை ஒன்றாம் வகுப்பில் தொடங்குகின்றன. பயிற்றுமொழி, பாடத்திட்டம், நுழைவுத்தேர்வு, தனியார்மயம் என்று எதைப் பற்றிப் பேசினாலும் அவற்றில் நாம் காணும் மிக இளைய குடிமகனுக்கு வயது ஆறு. அதற்கு முந்தைய ஆண்டுகள் தாயின் பாடு, பாட்டியின் பாடு, கையில் காசிருந்தால் தெருமுனை நர்சரிப் பள்ளியின் பாடு. சிற்றிதழ் மரபில் வளர்ந்தவர்கள் என்று பெருமை பேசும் நாமும் இதற்கு விலக்கல்ல. பால்வாடி நம் விவாதங்களுக்குள் வருவதேயில்லை. நாளிதழ்களில் அது இரண்டு சந்தர்ப்பங்களில் தலைகாட்டுகிறது: கலவைச் சோற்றில் பல்லி விழுந்த அன்றும், பணியாளர்கள் சாலையில் அமர்ந்து கைதாகும் அன்றும்.

ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் என்ற நீண்ட பெயர் கொண்ட அந்த அரசுத் துறை தமிழ்நாட்டில் 54,000க்கும் மேற்பட்ட மையங்களை நடத்துகிறது. பள்ளிக்கூடமே இல்லாத குக்கிராமத்திலும் பெரும்பாலும் ஒரு மையம் இருக்கும். இவ்வளவு பெரிய ஓர் அமைப்பு நம் கண்ணில் படாமலிருப்பதற்குக் காரணம் கண்ணின் கோளாறு மட்டுமல்ல. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையைச் சட்டமே உரிமையுள்ளவனாக அங்கீகரிக்கவில்லை. அது இரக்கத்திற்குரியது, சலுகை பெறுவது. அந்தக் குழந்தையின் கல்வியும் பாதுகாப்பும் ஒருசேரப் பழுதுபட்டிருப்பது இதனால்தான் என்பதே என் வாதம்.

முதலில் வரலாறு. 1939இல் மரியா மாண்டிசோரி சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். இன்று அந்தப் பெயர் நம் நகரங்களில் கட்டண உயர்வுக்கான விளம்பரப் பலகையாகிவிட்டது. ஆனால் அதே கல்விமுறையை ஏழைக் குழந்தையிடம் கொண்டுசெல்ல முடியுமா என்று கேட்ட ஒருவரும் இந்தியாவில் இருந்தார். மராட்டியக் கடற்கரையில் போர்டியிலும் பின்னர் கோஸ்பாடிலும் பழங்குடிக் குழந்தைகளுக்கிடையே வேலை செய்த தாராபாய் மோடக். குழந்தை பள்ளிக்கு வராவிட்டால் பள்ளி குழந்தையின் முற்றத்துக்குப் போகட்டும் என்பது அவர் கண்ட வழி. அங்கன்வாடி என்ற சொல்லிலுள்ள ‘ஆங்கன்’ அந்த முற்றம்தான். அதாவது அங்கன்வாடி பிறந்தபோது அது கல்விச்சாலை. சோறு பிறகு வந்தது.

1975 அக்டோபர் 2 அன்று மத்திய அரசு 33 வட்டாரங்களில் திட்டத்தைத் தொடங்கியபோது ஆறு சேவைகளை அறிவித்தது. ஊட்டச்சத்து, தடுப்பூசி, மருத்துவப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல், தாய்மார்களுக்கான நலக்கல்வி ஆகியவற்றோடு ‘முறைசாரா முன்பருவக் கல்வி’யும் ஒன்று. தமிழ்நாடு இதில் சும்மா இருக்கவில்லை. 1980இல் உலக வங்கியின் உதவியோடு தொடங்கிய ஊட்டச்சத்துத் திட்டம், மாதந்தோறும் குழந்தைகளை எடைபோட்டு, தளர்ந்த குழந்தையைக் கண்டறிந்து உணவளித்தது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுக் குழந்தையையும் பந்தியில் உட்காரவைத்தது. பிற மாநிலங்கள் பலவற்றில் முட்டை என்றாலே மதச் சண்டை மூளும்போது இங்கே பால்வாடிக் குழந்தைக்கு வாரத்தில் மூன்று முட்டை கிடைக்கிறது. இதைச் சாதனை என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. அரசு எதைச் செய்தாலும் ஏளனம் செய்வதே அறிவுஜீவித்தனம் என்று நினைப்பவர்கள் இந்த இடத்திலேயே கட்டுரையிலிருந்து விடைபெறலாம்.

என் வழக்கு வேறு. சோறு போட்டதோடு கடமை முடிந்தது என்ற மனநிலையின் மீதான வழக்கு அது.

அரசியலமைப்பின் 45ஆவது பிரிவு, 1950இல் எழுதப்பட்டபடி, பத்தாண்டுகளுக்குள் எல்லாக் குழந்தைகளுக்கும் பதினான்கு வயது நிறையும்வரை இலவசக் கட்டாயக் கல்வி தர அரசு முயலவேண்டும் என்றது. பதினான்கு என்ற மேல்வரம்பு அதில் இருந்தது. கீழ்வரம்பு இல்லை. 1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்சநீதிமன்றம் பதினான்கு வயது வரையான கல்வியை அடிப்படை உரிமை என்று அறிவித்தபோது, மூன்று வயதுக் குழந்தையும் அந்த உரிமைக்குள் அடங்கியது. ஒன்பது ஆண்டுகள்தான் அது நீடித்தது. 2002இல் நிறைவேறிய 86ஆவது திருத்தம், கல்வியை அடிப்படை உரிமையாக்கியதாகக் கொண்டாடப்பட்ட அதே திருத்தம், ‘ஆறு வயது முதல்’ என்று எழுதி ஆறுக்குக் கீழே இருந்தவர்களை வெளியே தள்ளியது. அவர்களுக்காக 45ஆவது பிரிவு மாற்றியெழுதப்பட்டது: அரசு ‘முயலும்’. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமோ மூன்று முதல் ஆறு வயது வரையான குழந்தைகளுக்கு அரசு ஏற்பாடு ‘செய்யலாம்’ என்கிறது. ‘செய்ய வேண்டும்’ என்பதற்கும் ‘செய்யலாம்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை மொழியின் மீது காதல் கொண்ட நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு விகுதி மாற்றத்தில் கோடிக்கணக்கான குழந்தைகளின் உரிமை சலுகையானது. இலக்கியவாதிகளாகிய நாம் ஒற்றுப் பிழைக்காகச் சண்டையிடுகிறோம். இந்த விகுதிப் பிழையைக் கவனிக்கவில்லை.

குழந்தைக்கு உரிமையில்லை என்றால் அதற்குக் கற்பிப்பவருக்கும் பதவியில்லை. மத்திய அரசின் கணக்கில் அங்கன்வாடிப் பெண் ஒரு கௌரவப் பணியாளர், தொண்டர். அவர் பெறுவது மதிப்பூதியம். 2018இல் அந்த மதிப்பு மாதம் 4,500 ரூபாய் என்று உயர்த்தப்பட்டது. அதற்குமேல் தருவது மாநிலங்களின் விருப்பம். தமிழ்நாடு கூடுதலாகத் தருகிறது என்பது உண்மை. ஆனால் அதற்கு வைத்த பெயர் ‘சிறப்புக் காலமுறை ஊதியம்’. அரசு அகராதியில் ‘சிறப்பு’ என்ற அடைமொழி வந்தால், மற்றவர்களுக்குரியது உனக்கில்லை என்று பொருள். அங்கன்வாடி ஊழியர்கள் அரசுப் பதவி வகிப்பவர்கள் அல்லர் என்று 2006இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று அதே நீதிமன்றம் சொல்வதற்கு 2022 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஊரிலுள்ள தாய்மார்களும் குழந்தைகளும் அவரை ‘டீச்சர்’ என்றே அழைக்கிறார்கள். அவர் ஆசிரியர் என்பதை இன்னும் அறியாதது அரசு மட்டும்தான்.

அந்த டீச்சருக்குக் கற்பிக்க நேரம் எங்கே? எடை போடுவது, வீடுவீடாகச் செல்வது, கருவுற்ற பெண்களைப் பதிவுசெய்வது, சத்துமாவு வழங்குவது, தடுப்பூசி நாளுக்கு ஆள் திரட்டுவது, வாக்காளர் பட்டியல் வேலை, பதிவேடுகள். 2021இல் போஷன் டிராக்கர் என்ற கைப்பேசிச் செயலி வந்தது. 2025 ஜூலை முதல் வீட்டுக்குக் கொண்டுபோகும் சத்துமாவைப் பெறுவதற்குப் பயனாளியின் முகத்தைச் செயலி அடையாளம் காண வேண்டும் என்று மத்திய அரசு கட்டாயமாக்கியது. எதிர்வீட்டுப் பெண் யாரென்று டீச்சருக்குத் தெரியும். ஆனால் கருவி ஒப்புக்கொண்டால்தான் அவள் அவள். இதற்கிடையில் 2023 மே மாதம், ஊட்டச்சத்தோடு படிப்பும் என்று பொருள்படும் ஓர் இந்தி முழக்கத்தோடு, நாள்தோறும் குறைந்தது இரண்டு மணி நேரம் கற்பிக்க வேண்டும் என்ற அறிவிப்பும் வந்தது. நேரத்தைத் தராமல் கடமையைத் தருவது நம் நிர்வாகத்தின் பழைய கலை.

நேரத்தைத் தந்தால் என்ன நடக்கும் என்பது ஊகமல்ல. தமிழ்நாட்டின் 320 மையங்களை எடுத்துக்கொண்டு கனிமியன், கார்த்திக் முரளிதரன், வால்டர்ஸ் ஆகிய பொருளியலாளர்கள் செய்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. அவற்றில் சில மையங்களில், முன்பருவக் கல்விக்கென்று அரைநாள் வேலைக்கு இன்னொரு பெண் அமர்த்தப்பட்டார். வேறொன்றும் மாறவில்லை. கற்பிக்கும் நேரம் இரு மடங்கானது. பதினெட்டு மாதங்களில் குழந்தைகளின் கணிதத் திறனும் மொழித் திறனும் தெளிவாக உயர்ந்தன. அதோடு வயதுக்கேற்ற உயரமின்மையும் கடும் ஊட்டக்குறைவும் குறைந்தன. பழைய பணியாளருக்குக் கை சற்று ஓய்ந்ததால் குழந்தைகளின் உடல்நலத்தைக் கவனிக்க நேரம் கிடைத்தது, அவ்வளவுதான். ஒரு கூடுதல் பெண்ணின் அரைநாள் ஊதியத்தில் சோறும் படிப்பும் சேர்ந்து மேம்பட்டன. இந்த ஆய்வு நம் மாநிலத்தில் நடந்தது. இதைப் பெருமையோடு மேற்கோள் காட்டுவதைவிட அதை எல்லா மையங்களிலும் நடைமுறைப்படுத்துவதல்லவா நியாயம்?

பாதுகாப்புக்கும் இதே கதைதான். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் சத்துணவுச் சமையலிடத்தில் பிடித்த தீ கூரைக்குப் பரவி 94 குழந்தைகளை எரித்தது. அதன் பிறகு கீற்றுக் கொட்டகைகள் அகன்றன, விசாரணை ஆணையம் வந்தது, விதிகள் வந்தன. 2019 அக்டோபரில் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தபோது நாடே நாட்கணக்கில் தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்தது. திறந்த ஆழ்துளைக் கிணறுகள் பற்றி உச்சநீதிமன்றம் வழிகாட்டு நெறிகளை வகுத்தது 2010இல். நெறி இருந்தது, மூடி இல்லை. நம்மிடம் குழந்தைப் பாதுகாப்பு என்பது ஒவ்வொரு சாவுக்குப் பின்னும் அனுப்பப்படும் ஒரு சுற்றறிக்கை.

சின்னஞ்சிறு குழந்தைக்குப் பாதுகாப்பு என்பது, அதன்மீது பதிந்திருக்கும் ஒரு பெரியவரின் கண். வேலிக்கும் மூடிக்கும் அதற்குப் பிந்திய இடம்தான். 2014இல் நீரில் மூழ்கும் சாவுகளைப் பற்றி உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட முதல் உலக அறிக்கை பரிந்துரைத்த தடுப்புமுறைகளில் ஒன்று, சிறு குழந்தைகளைக் கண்காணிப்பில் வைத்திருக்கும் பாதுகாப்பான இடங்கள். வங்கதேசக் கிராமங்களில் தாய்மார் வேலையாயிருக்கும் காலைப்பொழுதில் நடத்தப்பட்ட காப்பகங்கள் இதை மெய்ப்பித்தன. குளமும் கிணறும் வாய்க்காலும் நிறைந்த நம் ஊர்களுக்கு இது அந்நியமான பாடமல்ல. ஆனால் விடியலில் நடவுக்குப் போகும் பெண்ணின் நேரத்துக்கும் நம் மையம் திறக்கும் நேரத்துக்கும் தொடர்பில்லை. திறந்த பின்னும் ஒரே டீச்சரின் கண் பதிவேட்டுக்கும் செயலிக்கும் குழந்தைக்குமாகப் பங்குபோடப்படுகிறது.

இங்கே இரண்டு தரப்பினர் குறுக்கிடுவார்கள். முதல் தரப்பு: ‘பால்வாடியை ஒழித்துவிட்டு எல்.கே.ஜி. திறந்தால் போதும்.’ அதையும் பார்த்தோம். 2019 ஜனவரியில், நடுநிலைப்பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கின. அங்கே மாற்றப்பட்ட இடைநிலை ஆசிரியர்கள் பலர் அதைப் பதவியிறக்கமாகக் கருதி எதிர்த்தனர், வழக்கும் தொடுத்தனர். சிறு குழந்தைக்குக் கற்பிப்பது இழிவு என்று ஆசிரியர்களே நம்பும்படி வைத்திருக்கிறோம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 2022 ஜூனில் அந்த வகுப்புகளைப் பள்ளிக்கல்வித் துறை கைவிட முனைந்தது. எதிர்ப்பு எழுந்ததும் தொடரும் என்றது. மாதம் 5,000 ரூபாய்க்குத் தற்காலிக ஆசிரியர்களை அமர்த்தியது. பெயர்ப்பலகை மாறியது. அதன் கீழே நிற்பவரின் நிலை மாறவில்லை.

இரண்டாம் தரப்பு நம் நண்பர்கள்: ‘ஆறு வயது வரை குழந்தையை விளையாட விடுங்கள், கல்வி என்று சித்திரவதை செய்யாதீர்கள்.’ இணங்குகிறேன். மூன்று வயதில் நோட்டுப் புத்தகமும் வீட்டுப்பாடமும் கொடுமைதான். ஆனால் விளையாட்டுக்கு இடம் வேண்டும், தோழர்கள் வேண்டும், கதை சொல்ல ஒருவர் வேண்டும். துறை தயாரித்த பாடத்திட்டத்தின் பெயரே ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’. அதை ஆடவும் பாடவும் ஓய்ந்த கை இல்லை என்பதே பிரச்சினை. கட்டடத் தொழிலாளியின் பிள்ளை மணற்குவியலில் தனியே உட்கார்ந்திருப்பதை ‘இயற்கையோடு வளர்தல்’ என்று வர்ணிக்கும் உரிமை, தன் பிள்ளையைக் கட்டணம் செலுத்தி விளையாட்டுப் பள்ளியில் சேர்த்தவர்களுக்கு இல்லை.

நம் மரபைப் பற்றியும் ஒரு சொல். பிள்ளைத்தமிழ் என்ற இலக்கிய வகையை நாம் வைத்திருக்கிறோம். மூன்றாம் மாதம், ஐந்தாம் மாதம், ஏழாம் மாதம் என்று குழந்தையின் வளர்ச்சியை மாதக் கணக்கில் பார்த்துப் பருவம் பிரித்த இலக்கியம் அது. அதன் முதல் பருவத்தின் பெயர் காப்பு. காப்பிட்ட பின்பே தாலாட்டும், சப்பாணியும், அம்புலியும். பாதுகாப்பும் பயில்வும் ஒன்று என்று அறிந்த மரபு. ஆனால் அந்தப் பாட்டுடைத் தலைவர்கள் தெய்வங்களும் மன்னர்களும் சான்றோர்களும். கூலிக்காரியின் குழந்தைக்குப் பருவம் பார்ப்பது இன்று வளர்ச்சி அட்டையும் எடைபார்க்கும் தராசும் வைத்திருக்கும் அங்கன்வாடிப் பெண். பெரியசாமித் தூரன் தலைமையில் பத்துத் தொகுதிகளில் குழந்தைகள் கலைக்களஞ்சியம் கண்ட மொழி இது. இந்த மொழியில் எழுதுபவர்கள் அந்தப் பெண்ணுக்குக் கடன்பட்டிருக்கிறோம். ஏனெனில் நாளை நம்மைப் படிக்கப்போகும் வாசகன் முதல் கதையைக் கேட்பது அவரிடம்தான்.

ஆகவே கேட்க வேண்டியவை புதியவை அல்ல, எளியவையே. கல்வி உரிமை ஆறு வயதில் தொடங்குகிறது என்ற வரம்பு நீக்கப்பட வேண்டும். ஒவ்வொரு மையத்திலும் கற்பிப்பதற்கென்று இன்னொருவர் வேண்டும். இருவரும் ஆசிரியர்கள் என்றே அழைக்கப்பட்டு, ‘சிறப்பு’ என்ற அடைமொழி இல்லாத ஊதியம் பெற வேண்டும். மையத்தின் நேரம் அலுவலகத்துக்கு அல்ல, தாயின் வேலைக்கு ஒத்துப்போக வேண்டும். இவற்றுக்குப் பணம் எங்கே என்று கேட்பவர்களிடம், அரைநாள் ஊதியம் என்ன செய்தது என்ற அந்த 320 மையங்களின் கணக்கைக் காட்டலாம். ‘செய்யலாம்’ என்பதைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டு ‘செய்ய வேண்டும்’ என்று எழுதும்வரை, பால்வாடியில் ஊற்றப்படும் ஒவ்வொரு கரண்டிச் சாம்பாரும் பிச்சையின் வாடையோடுதான் இருக்கும்.