முயலுக்குக் குளம்பு முளைத்த கதை



மானுக்கு இருப்பது போல நீண்ட கால்கள். காலில் குளம்பு. காதையும் முகத்தையும் பார்த்தால் முயல்! இப்படி ஒரு விலங்கை நீங்கள் பார்த்திருக்க முடியாது. ஏனென்றால், அது கற்பனை விலங்கு.

அதன் பெயர் ராபக். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டூகல் டிக்சன் 1981-ல் எழுதிய 'ஆஃப்டர் மேன்' என்ற புத்தகத்தில் வருகிறது. 'மனிதனுக்குப் பிறகு' என்று பொருள். இன்னும் 5 கோடி ஆண்டுகள் கழித்து, மனிதர்களே இல்லாத பூமியில் எந்தெந்த விலங்குகள் வாழும் என்று அதில் படங்களோடு விளக்கியிருக்கிறார்.

வாய்க்கு வந்தபடி சொன்ன கதை அல்ல இது. யோசித்துப் பாருங்கள். மான்கள் இல்லாமல் போனால் புல்லையும் இலையையும் யார் மேய்வது? மளமளவென்று பெருகும் முயல் அந்த இடத்துக்கு வரலாம். உடல் பெரிதாகிவிட்டால் வளைக்குள் ஒளிய முடியுமா? முடியாது. ஓடித்தான் தப்ப வேண்டும். அதற்கு நீண்ட காலும் குளம்பும் வேண்டும். துரத்துவது யார்? எலி இனத்திலிருந்து வந்த, நாய் போன்ற ஃபேலங்ஸ்!

இப்படியெல்லாம் மாறுமா என்கிறீர்களா? சுமார் 5 கோடியே 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன் குதிரையின் மூதாதை நரி அளவுதான் இருந்தது. முன்காலில் நான்கு விரல்கள். இன்றைய குதிரைக்கு ஒற்றைக் குளம்பு. ஸ்பெயின் நாட்டின் மினோர்கா தீவில் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் சுமார் 12 கிலோ எடையுள்ள முயல் வாழ்ந்தது. அதைத் துரத்திப் பிடிக்க அங்கே பெரிய விலங்குகள் இல்லை. அதனால் துள்ளி ஓடுவதையே அது மறந்துவிட்டது!

இப்போது ஒரு கணக்கு. மான் போன இடத்துக்கு ராபக் வர எத்தனை ஆண்டுகள்? கோடிக்கணக்கில்! ஆனால் மான் போவதற்கு? தாய்லாந்தின் சதுப்புப் புல்வெளிகளில் ஷோம்பர்க் மான் என்று ஓர் அழகிய மான் இருந்தது. புல்வெளிகளை நெல் வயல்களாக்கினார்கள், மிச்சமிருந்தவற்றை வேட்டையாடினார்கள். 1938-ஆம் ஆண்டோடு அந்த இனமே முடிந்துபோனதாகக் கருதப்படுகிறது. சில பத்து ஆண்டுகளே போதுமாக இருந்தது.

குழந்தைகளே, நீங்களும் ஒரு புது விலங்கை வரையுங்கள். வரையும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். அது என்ன தின்னும்? அதை யார் தின்னும்? எப்படித் தப்பிக்கும்? விடை கிடைத்தால் அந்த விலங்கு உங்கள் தாளில் உயிரோடு நிற்கும்.

தாளில் எத்தனை விலங்கு வேண்டுமானாலும் அழித்து வரையலாம். காட்டில் அழிந்ததை வரைய நம்மிடம் ரப்பரும் இல்லை, பென்சிலும் இல்லை. இருப்பதைக் காப்போம்!

அன்புடன்,
ஆசிரியர்