பெரிய வீல் போட்டால் லொறி பறக்குமா?



கொஞ்சம் நீளமான பதிவுதான். லொறி வைத்திருக்கிறவர்களும் லொறி ஓட்டுகிறவர்களும், வீட்டில் அப்படி ஒருவர் இருக்கிறவர்களும் கடைசி வரைக்கும் வாசியுங்கள்.

என் ராத்தாவின் கணவர், அதாவது என் மச்சான், ஒரு பழைய டேர்போ லொறி வைத்திருக்கிறார். அறுவடைக் காலத்தில் படுவான்கரையிலிருந்து நெல் ஏற்றுவார். மற்ற நாட்களில் மஹியங்கனை வழியாகக் கண்டிப் பக்கம் அரிசி கொண்டுபோய், வரும்போது மரக்கறி ஏற்றி வருவார். வீட்டுச் செலவு, பிள்ளைகளின் படிப்பு, லீசிங் எல்லாம் அந்த ஒரு லொறியில்தான்.

போன வருசம் அந்த 18 வளைவில் ஏறும்போது லொறி கறுப்புப் புகை கக்கத் தொடங்கியது. இழுவையும் குறைந்தது. ஒரு பாகக் கடையில், "டேர்போவுக்குப் பெரிய கொம்ப்ரசர் வீல் ஒன்று போடுங்க, லொறி பறக்கும்" என்றார்கள். ராத்தாவின் காப்பு அடகுக்குப் போனது. வீல் வந்தது. லொறி பறக்கவில்லை. முதலாம் இரண்டாம் கியரில் முன்னரை விடச் சோம்பலாகி, புகையும் கூடியது. பாரத்தோடு மெதுவாக ஏறும்போது டேர்போவுக்குள்ளிருந்து இருமுவது போல ஒரு சத்தம். ஒன்றரை மாதத்தில் டேர்போவின் ஷாஃப்ட் ஆட்டம் கண்டு, எண்ணெய் எஞ்சினுக்குள் இழுபட்டு, நடு வீதியில் நீலப் புகையோடு நின்றது. எண்ணெய் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இழுபட்டிருந்தால், டீசல் எஞ்சின் தன் சொந்த எண்ணெயையே எரித்துக்கொண்டு சாவியை மூடினாலும் நிற்காமல் ஓடியிருக்கும். அல்லாஹ் காப்பாற்றினான்.

பிறகு ஊரில் வயதான மெக்கானிக் ஒருவர் பார்த்தார். இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடியில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. ஏர் ஃபில்டர் முழுக்க நெல் தூசி. ஆரம்பத்திலிருந்தே நோய் அதுதான். பெரிய வீல் தேவைப்பட்டிருக்கவே இல்லை.

உடைந்த வீலை நான் வாங்கிக்கொண்டு பாடசாலைக்குக் கொண்டுபோனேன். நான் மெக்கானிக் அல்ல. கல்வியியற் கல்லூரியில் விஞ்ஞானம் படித்து வந்த ஆசிரியன். ஆனால் இதில் உள்ள கணக்கு 10ஆம், 11ஆம் தரப் பிள்ளைகளுக்கே விளங்கும் கணக்கு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. டீசல் எஞ்சினுக்குச் சக்தி வருவது டீசலிலிருந்து. வளி சக்தி தருவதில்லை, டீசல் முழுதாக எரிய ஒட்சிசன் தருகிறது. வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சக்கரத்தைச் சுற்றி, அதே ஷாஃப்ட்டின் மறுமுனையில் உள்ள கொம்ப்ரசர் வீலால் வளியை அமுக்கி உள்ளே தள்ளுவதுதான் டேர்போ. சுவிஸ் பொறியியலாளர் அல்பிரட் புச்சி 1905இல் காப்புரிமை எடுத்த யோசனை அது. ஆகவே பம்ப் அதே அளவு டீசல் கொடுக்கும்போது வீலை மட்டும் பெரிதாக்கினால் சக்தி பெரிதாகக் கூடாது. சோற்றைக் கூட்டாமல் தட்டை மட்டும் பெரிதாக்கின கதைதான்.

இரண்டாவது, அளவு. என் பிள்ளைகள் வேணியர் இடுக்கிமானியால் அளந்தார்கள். பழைய வீலில் வளி நுழையும் வாயின் விட்டம் 42 மி.மீ., வெளி விட்டம் 56 மி.மீ. புதிய வீலின் வாய் 46, வெளி விட்டம் அதே 56. "நாலு மில்லிமீற்றர்தானே சேர்" என்றான் ஒரு மாணவன். வர்க்கம் எடுத்துப் பார் என்றேன். 46இன் வர்க்கம் 2116, 42இன் வர்க்கம் 1764. விட்டம் ஏறத்தாழ 10 வீதம் கூடினால் வாயின் பரப்பளவு 20 வீதம் கூடுகிறது. வாய் விட்டத்தின் வர்க்கத்தை வெளி விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்து 100ஆல் பெருக்கினால் வருவதை 'டிரிம்' என்பார்கள். மச்சானின் லொறியில் 56 ஆக இருந்த டிரிம் ஒரேயடியாக 67 ஆகிவிட்டது.

அதனால் என்ன? ஒவ்வொரு கொம்ப்ரசர் வீலுக்கும் ஒரு வரைபடம் உண்டு. எவ்வளவு வளி ஓடும்போது எவ்வளவு அமுக்கம் தரும் என்று அது காட்டும். அதன் இடது பக்கம் ஒரு எல்லைக் கோடு இருக்கும். அந்தக் கோட்டைத் தாண்டினால் வளி முன்னால் போகாமல் திரும்பி அடிக்கும். மச்சான் கேட்ட இருமல் சத்தம் அதுதான், 'சேர்ஜ்' என்பார்கள். வீலின் வாய் பெரிதாகும்போது அந்தக் கோடும் வலப்பக்கம் நகர்கிறது. பெரிய வீல் கூடுதல் வளி ஓடும் உயர் வேகத்தில் நன்றாக வேலை செய்யும். நம் லொறி வாழ்வதோ நிமிடத்துக்கு 1500இலிருந்து 2500 சுற்றுக்குள், பாரத்தோடு, மெல்ல மெல்ல. யூடியூபில் அமெரிக்கக்காரன் பிக்கப்பில் பந்தயம் ஓடுவதைப் பார்த்து நாம் வீல் வாங்கினால், அவனுக்குப் பொருந்துவது நமக்குப் பொருந்தாது.

மூன்றாவது, வேகம். இந்த அளவு வீல் நிமிடத்துக்கு 1,20,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செக்கனுக்கு 2000 சுற்று. 56 மி.மீ. வீலின் விளிம்பு செக்கனுக்கு 350 மீற்றர் வேகத்தில் ஓடுகிறது, அது வளியில் ஒலி போகும் வேகம். அந்த வேகத்தில் ஷாஃப்ட்டைத் தாங்கி நிற்பது ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம். அதில் கடுகளவு பாரம் ஒரு பக்கம் கூடினாலே ஷாஃப்ட் தன் பெயாரிங்கை அரைத்துத் தின்றுவிடும். அதனால்தான் புது வீல் போட்டால் ஷாஃப்ட்டோடு சேர்த்து மெஷினில் பலன்ஸ் பார்க்கவேண்டும். வாய் பெரிய வீல் என்றால் மூடியையும் அதே அளவுக்கு லேத்தில் குடைய வேண்டும். மச்சானுக்கு மூடியைக் குடைந்தார்கள், பலன்ஸ் பார்க்கவில்லை.

அப்படியென்றால் பெரிய வீலே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. பம்பில் டீசல் ஏற்கெனவே கூட்டப்பட்டு, ஹோஸ், ஃபில்டர், இன்ஜெக்டர் எல்லாம் சரியாக இருந்தும், மேல் வேகத்தில் கறுப்புப் புகையும் சூடும் வந்தால் எஞ்சினுக்கு வளி போதவில்லை என்று அர்த்தம். உயரமும் ஒரு காரணம். நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரம், அங்கே வளி அமுக்கம் நம் வாவிக்கரையில் இருப்பதில் ஏறக்குறைய 80 வீதம்தான். அப்படி ஓடுகிறவர்களுக்கு ஒரு படி மட்டும் கூடிய வீல் பொருந்தலாம். கட்டியான அலுமினியத்திலிருந்து கடைந்தெடுத்த 'பில்லட்' வீல் நல்லது என்பார்கள். வலிமையானதுதான், இதழ்களை மெல்லியதாக வெட்டலாம் என்பதும் உண்மை. ஆனால் பிழையான அளவில் கடைந்தால் அது விலை கூடிய பிழை, அவ்வளவுதான். அளவு சரியான வார்ப்பு வீல் அதை விட மேல்.

எனவே காசு எடுக்கும் முன் இந்த வரிசையில் போங்கள். ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். ஹோஸ்களைக் கையால் தடவி, சவர்க்கார நீர் பூசி வெடிப்புப் பாருங்கள். இன்ஜெக்டரைச் சோதியுங்கள். டேர்போ எண்ணெய்க் குழாய் அடைத்திருக்கிறதா பாருங்கள். இவ்வளவும் சரியாக இருந்தும் குறை தீராவிட்டால்தான் வீல். அப்போதும் கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: வாய் விட்டமும் வெளி விட்டமும் எத்தனை? என் எஞ்சினின் கொள்ளளவுக்கும் ஓடும் வேகத்துக்கும் இது பொருந்தும் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? பலன்ஸ் பார்த்துத் தருவீர்களா? பதில் இல்லையென்றால் பஞ்சிகாவத்தையானாலும் பக்கத்துத் தெருவானாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

"பழைய லொறியை ஏன் பிடித்துத் தொங்க வேண்டும்?" என்று சிலர் கேட்பார்கள். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி முழுதாகத் திறந்தது 2025இல். 2022 ஜூன் கடைசியில் டீசல் லீற்றர் 460 ரூபாய்க்குப் போனது. அந்த நாட்களில் நமக்குச் சோறு கொண்டுவந்தவை இந்தப் பழைய லொறிகள்தான். இன்னும் பல வருசம் இவைதான் ஓடும். அளவுக்கு மேல் பாரம் ஏற்றினால்தான் கூலி கட்டும் என்ற நிலை இருக்கும்வரை 'இன்னும் இழுவை வேணும்' என்ற ஆசையும் போகாது. அந்த ஆசையைத்தான் கடைகள் விற்கின்றன.

கடைசியாக என் மனதில் இருப்பது. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல் வந்தது. ஆனாலும் நம் ஊர்களில் கராஜுக்குப் போகிற பிள்ளையை 'படிப்பு ஏறாதவன்' என்றுதான் இன்னும் பார்க்கிறோம். வர்க்கம் எடுக்கத் தெரிந்த ஒரு பிள்ளை அந்தக் கடையில் நின்றிருந்தால் ராத்தாவின் காப்பு கையில் இருந்திருக்கும். ஹோஸின் வெடிப்பைக் கண்டுபிடித்த அந்த மெக்கானிக்குக்கு எழுதப் படிக்க அவ்வளவாக வராது. ஆனால் விரலால் தடவிப் பார்க்கும் பொறுமை இருந்தது. அவருடைய விரலும் நம் பிள்ளைகளின் கணக்கும் ஒரே கராஜில் சேர வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று மோட்டார் தொழில் படிக்கப் போகிறேன் என்றால் தயவுசெய்து தடுக்காதீர்கள்.

உடைந்த வீல் இப்போது எங்கள் ஆய்வுகூட அலுமாரியில் இருக்கிறது. லொறி ஒரு பழைய அளவு வீலோடு, புது ஹோஸோடு ஓடுகிறது, அல்ஹம்துலில்லாஹ். காப்பு இன்னும் மீளவில்லை. இன்ஷா அல்லாஹ், அடுத்த அறுவடைக்குள் மீட்டுவிடுவோம் என்று மச்சான் சொல்கிறார்.

உங்களுக்கும் இப்படி அனுபவம் இருந்தால் கீழே எழுதுங்கள். கடையின் பெயர் வேண்டாம், அளவை எழுதுங்கள். இன்னொருவருக்கு உதவும்.