ஹெலிகொப்டர் வரட்டும், அதற்கு முதல் பாதை வரட்டும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு தேத்தண்ணியை வைத்துக்கொண்டு முழுதாக வாசியுங்கள். ஏசுவதாக இருந்தால் வாசித்த பிறகு ஏசுங்கள்.

கொஞ்ச நாளாக நம்முடைய வட்ஸ்அப் குழுக்களில் ஒரு வீடியோ சுற்றுகிறது. ரீயூனியன் தீவில் எரிமலைக்கு மேலே ஹெலிகொப்டரில் சுற்றிக் காட்டுகிறார்கள். கறுத்த எரிமலைக் குழி, பச்சைப் பள்ளத்தாக்கு, செங்குத்தான மலையில் நூல் நூலாக விழும் அருவிகள். சுப்ஹானல்லாஹ், பார்க்கப் பார்க்க அழகுதான். அதில் நமக்குச் சண்டை இல்லை. அந்த வீடியோவுக்குக் கீழே நம்மவர்கள் எழுதியதில்தான் சண்டை. "எல்லயிலும் இப்படி ஒன்று தொடங்க வேண்டும்", "ஹெலிகொப்டர் வந்தால் ஊவா முன்னேறிவிடும்", "நம்ம ஆட்களுக்கு எதைச் சொன்னாலும் எதிர்ப்புத்தான்".

சரி, அந்தத் தீவைப் பற்றியே முதலில் பேசுவோம்.

ரீயூனியன் இந்து சமுத்திரத்தில் மொரீசியசுக்குப் பக்கத்தில் இருக்கும் பிரான்ஸ் நாட்டுத் தீவு. அங்கே உள்ள பித்தோன் டி லா ஃபூர்னேஸ் 2,632 மீற்றர் உயரம். உலகத்திலேயே அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று. தீவின் நடுவே மஃபாத், சிலாவோஸ், சலாசி என்று மூன்று பெரிய கிண்ணப் பள்ளத்தாக்குகள். 2010இல் யுனெஸ்கோ இந்த மலைகளை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. கால் மணித்தியாலப் பறப்பிலிருந்து முக்கால் மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பறப்பு வரை அங்கே விற்கிறார்கள். நீளமான பறப்புக்கு ஓர் ஆளுக்கு 300 யூரோ அளவில் போகும். நம்முடைய காசில் ஒரு இலட்சம் ரூபாவைத் தாண்டும்.

அந்தத் தீவு நமக்கு அந்நியமும் இல்லை. 1848இல் அங்கே அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டது. பாண்டிச்சேரி, காரைக்கால் பக்கமிருந்து தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏற்றினார்கள். இங்கே கோப்பித் தோட்டத்துக்கு மன்னார் வழியாக மக்களை நடக்க வைத்ததும் அதே காலம்தான். அங்கே போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தமிழ் பேசுவது அரிது. ஆனாலும் தீமிதியும் கோயிலும் இருக்கின்றன. பின்னால் வியாபாரத்துக்கு வந்த குஜராத் முஸ்லிம்கள் 1905இல் திறந்த நூர் எ இஸ்லாம் பள்ளிவாசல் தலைநகர் செயின்ட் டெனியில் இன்றும் நிற்கிறது. தோட்டத்தில் தமிழன், டவுனில் முஸ்லிம் கடை. படம் எங்கேயோ பார்த்த மாதிரி இல்லையா?

வீடியோவில் அழகாகத் தெரிகிற மஃபாத் பள்ளத்தாக்குக்கு வருவோம். அடிமைகளாக இருந்தவர்கள் தப்பி ஓடி ஒளிந்த இடம் அது. அந்தப் பெயரே தப்பியோடிய ஒரு தலைவனின் பெயர். யார் கண்ணிலும் படக்கூடாது என்று மனிதர்கள் பதுங்கிய பள்ளத்தை இன்று எல்லார் கண்ணிலும் படும்படி விற்கிறார்கள். இன்றும் அங்கே வாகனம் போகும் பாதை கிடையாது. எழுநூறு, எண்ணூறு பேர் சிறு சிறு ஊர்களாக இருக்கிறார்கள். கால்நடையாகப் போக வேண்டும், இல்லாவிட்டால் ஹெலிகொப்டர்.

வீடியோவில் யாரும் சொல்லாத விஷயம் இனித்தான் வருகிறது. அங்கே ஹெலிகொப்டர் உல்லாசப் பயணியை மட்டும் ஏற்றுவதில்லை. மஃபாத்துக்கு அரிசி, கேஸ் சிலிண்டர், சீமெந்து எல்லாம் ஹெலிகொப்டரில் போகின்றன. ஊர்க் குப்பை ஹெலிகொப்டரில் வெளியே வருகிறது. ஒருவர் மலையில் விழுந்தால் மீட்புப் படையின் ஹெலிகொப்டர் வந்து தூக்குகிறது. அந்தச் சின்ன ஊர்களில் ஆரம்பப் பாடசாலைகளும் இருக்கின்றன. அந்தத் தீவைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. அங்கேயும் வேலையில்லாப் பிரச்சினை பெரியது. தலைக்கு மேலே நாள் முழுக்கச் சத்தம் என்ற முறைப்பாடும் இருக்கிறது. ஆனாலும் கீழே இருப்பவனுக்கும் மேலே பறப்பவனுக்கும் நடுவில் அங்கே ஒரு கணக்கு இருக்கிறது. வேடிக்கை பார்க்கப் பறக்கிற வானத்தில் நோயாளிக்காகவும் பறக்கிறார்கள்.

நம்முடைய ஆட்கள் கேட்பது அந்தக் கணக்கை அல்ல. வேடிக்கையை மட்டும்.

எல்லயில் இருந்து கால் மணித்தியாலம் பறந்தால் என்ன தெரியும் என்று யோசிப்போம். 1921இல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலம். தெமோதரையில் தன் கீழேயே சுற்றிப் போகும் ரயில் பாதை. 2,036 மீற்றர் நமுனுகுல. தெற்கே போனால் லிப்டன் துரை உட்கார்ந்து தோட்டத்தைப் பார்த்த இடம். அதற்குக் கீழே 1890இல் கட்டிய தம்பத்தென்ன தொழிற்சாலை. இன்னும் கொஞ்சம் போனால் 220 மீற்றர் உயரத்தில் இருந்து விழும் தியலும. நடுவில் நீள நீளமாக வெள்ளிப் பட்டி போல மின்னும் கூரைகள். மேலே இருந்து படம் எடுத்தால் அதுவும் அழகாகத்தான் விழும். அது லயம். மின்னுவது தகரம். அதன் மேலே புள்ளி புள்ளியாகத் தெரிவது காற்றுக்குத் தகரம் பறக்காமல் இருக்க வைத்த கல்லும் பழைய டயரும்.

தியலுமவுக்குப் பக்கத்தில்தான் கொஸ்லந்தை, மீரியபெத்த. 2014 ஒக்டோபர் 29 காலையில் அந்த மலை இறங்கி லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் உயிர் தப்பினார்கள். திரும்பிப் போக வீடும் இல்லை, சிலருக்கு உம்மா வாப்பாவும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மிஞ்சியவர்கள் புது வீட்டுக்குப் போக ஏறத்தாழ இரண்டு வருடம் பிடித்தது. இன்று மேலே இருந்து பார்த்தால் அந்த இடமும் பச்சை. மண் மூடியதைப் புல் மூடிவிட்டது. பறந்து போகிறவர் அதற்கும் ஒரு செல்ஃபி எடுப்பார். கீழே என்ன இருக்கிறது என்று அவருக்கு யார் சொல்வது?

2025 நவம்பர் கடைசியில் டித்வா வந்தது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள். அதிகம் இழந்த மாவட்டங்களில் நம்முடைய பதுளையும் ஒன்று. பாதைகள் அறுந்தன, மலையக ரயில் பாதை பல இடங்களில் உடைந்தது. அப்போதுதான் நாம் எல்லோரும் ஹெலிகொப்டரை அண்ணாந்து பார்த்தோம். நம்முடைய விமானப்படையும் இந்தியாவில் இருந்து வந்தவர்களும் சாப்பாடு கொண்டு வந்தார்கள், ஆட்களைத் தூக்கினார்கள். லுணுவிலவில் நிவாரணப் பணிக்குப் போன விமானப்படை ஹெலிகொப்டர் விழுந்து அதன் விமானி உயிரைக் கொடுத்தார். அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அந்த நாட்களில் யாருக்கும் வானத்தில் இருந்து காட்சி தேவைப்படவில்லை. இறங்க ஒரு தட்டையான இடம்தான் தேவைப்பட்டது.

இனி நண்பர்களின் வாதங்களுக்கு வருவோம்.

"ஊருக்கு வருமானம் வரும்" என்கிறார்கள். யாருக்கு? ரயிலில் வருகிறவர் பண்டாரவளையில் இறங்கி வடை வாங்குவார், எல்லயில் த்ரீவீல் பிடிப்பார், நம்முடைய பிள்ளையின் கடையில் ரொட்டி சாப்பிடுவார், இரவு யாரோ ஒருவரின் வீட்டில் அறை எடுப்பார். ஹெலிகொப்டரில் வருகிறவர் பெரிய ஹோட்டலின் புல்தரையில் ஏறி அதே புல்தரையில் இறங்குவார். நம்முடைய கடைக்கு வருவது சத்தம் மட்டும். வியாபாரிகளான நம்முடைய சமூகத்துக்கு இந்தக் கணக்கைச் சொல்லித்தரத் தேவையில்லை.

வேறொரு கணக்கும் இருக்கிறது. தோட்டத்தில் நாட்சம்பளம் 1,550 ரூபா, அரசாங்கத்தின் வருகைக் கொடுப்பனவு 200, மொத்தம் 1,750. ஒரு இலட்சத்தை 1,750ஆல் வகுக்கச் சொல்லுங்கள் உங்கள் வீட்டுப் பிள்ளையிடம். 57 நாள் வரும். முக்கால் மணித்தியாலம் மேலே பார்ப்பதற்கான காசுக்குக் கீழே ஒரு தாய் இரண்டு மாதத்துக்கு மேல் கொழுந்து பறிக்க வேண்டும். காசுள்ளவர் செலவழிக்கட்டும், அது அவர் விருப்பம். அதற்கு "ஊர் முன்னேற்றம்" என்று மட்டும் பெயர் வைக்காதீர்கள்.

"உலகம் பார்த்தால்தானே நம்முடைய பிரச்சினை தெரியும்" என்கிறார்கள். உலகம் நம்மைப் பார்க்கவில்லை என்றா நினைக்கிறீர்கள்? ஒன்பது வளைவுப் பாலத்தை உலகமே பார்த்துவிட்டது. அந்தப் பாலத்துக்குப் பக்கத்து மலையில் கொழுந்து பறிப்பவரின் வீட்டுக் கூரையை யாரும் கேட்கவில்லை. தூரத்தில் இருந்து பார்ப்பது ஒரு விதமான பார்க்காமை. வெள்ளைக்காரத் துரையும் இந்த மலைகளை உச்சியில் நின்றுதான் பார்த்தார். பார்த்தது கணக்கெடுக்க. அனர்த்தம் நடந்தால் மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போவதை இன்றைக்கும் "நிலைமையைப் பார்வையிட்டார்" என்று செய்தியில் எழுதுகிறோம். மடுல்சீமைக்கும் பசறைக்கும் உள்ளே இருக்கும் தோட்டப் பாதையில் மழை நாளில் லொறியின் பின்னால் உட்கார்ந்து ஒரு தரம் வந்து போகட்டும். அதற்குப் பிறகு "பார்வையிட்டார்" என்று எழுதுவோம்.

பாதைகள் பற்றிச் சும்மா சொல்லவில்லை. 2021 மார்ச் 20, லுணுகலையில் இருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் பசறை 13ஆம் கட்டையில் பள்ளத்தில் விழுந்தது. 2025 செப்டம்பர் 4 இரவு, எல்ல வெல்லவாய பாதையில் தங்காலையில் இருந்து சுற்றுலா வந்த பஸ் விழுந்து 15 பேர் போனார்கள். இரண்டும் பிரதான பாதைகள். தோட்டத்துக்குள் இருக்கும் பாதையை நீங்களே யோசியுங்கள். 1990க்கு அழைத்தால் அம்பியுலன்ஸ் வரும், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பல தோட்டங்களில் அது பிரதான பாதையோடு நின்றுவிடும். வயிற்றுப் பிள்ளையோடு இருப்பவள் அது வரைக்கும் எப்படி வருவாள்?

பறப்பதும் பயமில்லாத விஷயம் இல்லை. ஹவாயில் கவாய் என்ற எரிமலைத் தீவில் 2019 டிசம்பர் 26 அன்று சுற்றுலா ஹெலிகொப்டர் ஒன்று மலையில் மோதி ஏழு பேரும் இறந்தார்கள். மேகம் மூடிய மலை. ஹப்புத்தளை மூடுபனியை அறிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கடைசியாக, நம்மவர்களில் சிலர் மெதுவாகச் சொல்வது: "அது தோட்டத்து ஆட்களின் பிரச்சினை, நமக்கென்ன?" இதுதான் அதிகம் வலிக்கிறது. இந்த டவுன் கடைகள் எந்தச் சம்பள நாளில் வளர்ந்தன? நம்முடைய பாட்டன்மாரின் கடன் கொப்பியில் யாருடைய பெயர்கள் இருந்தன? நம்மில் எத்தனை ஆசிரியர்கள் தோட்டப் பாடசாலையில் நின்று சம்பளம் எடுக்கிறோம்? 1948இல் குடியுரிமைச் சட்டம் அந்த மக்களை நாடற்றவர்கள் ஆக்கியபோது அவர்களுக்காகப் பேசிய குரல்கள் குறைவு. அண்டை வீட்டாரின் உரிமை பற்றி ஜும்ஆவில் கேட்டு அழுகிறோம். நம்முடைய அண்டை வீடு லயம்தான். மலை இறங்கும்போது மதம் பார்த்து இறங்குவதும் இல்லை.

ஆகவே ஹெலிகொப்டர் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதற்கு முதல் சில விஷயங்களைக் கேட்போம்.

ஒன்று: ஒவ்வொரு தோட்டப் பிரிவுக்கும் அம்பியுலன்ஸ் போய்வரக் கூடிய பாதை.

இரண்டு: ஆபத்தானது என்று அடையாளம் கண்ட மலைச்சரிவுகளில் இருக்கும் குடும்பங்களுக்கு, மண் இறங்குவதற்கு முதல், காணியோடு சேர்த்து வேறு இடத்தில் வீடு. மீரியபெத்தவில் எச்சரிக்கை இருந்தது, வீடுதான் இருக்கவில்லை.

மூன்று: அவசரத்துக்கு ஹெலிகொப்டர் எங்கே இறங்கலாம் என்று ஒவ்வொரு பிரதேசத்திலும் இடம் குறித்து, மக்களுக்கும் பாடசாலைகளுக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மழை வந்த பிறகு மைதானம் தேடக்கூடாது.

நான்கு: நாளைக்கு யாராவது இந்த வானத்தில் பறந்து காசு உழைத்தால், அதில் ஒரு பங்கு சட்டப்படி கீழே இருக்கும் பிரதேச சபைக்கு வர வேண்டும். நோயாளிக்குத் தேவைப்படும் நாளில் அந்த ஹெலிகொப்டரும் வர வேண்டும். ரீயூனியனைப் பார்த்துப் படிப்பதாக இருந்தால் இதைப் படிப்போம்.

பள்ளிவாசல் நிர்வாகமோ கோயில் சபையோ வர்த்தகர் சங்கமோ, வாக்குக் கேட்டு வருகிறவரிடம் இந்த நான்கையும் எழுத்தில் கேளுங்கள். பாதையை அளக்க ஆள் வரும்போது நாமும் கூட நடப்போம். வீடியோவைப் பகிர்ந்தவர்கள் இதையும் பகிருங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், மரியாதையாக எழுதினால் ஒவ்வொன்றுக்கும் பதில் தருவோம். உங்கள் தோட்டத்துப் பாதை எந்த இடத்தில் நிற்கிறது என்பதையும் ஊர் பெயரோடு எழுதுங்கள். ஒரு பட்டியலாகச் சேர்த்துப் பிரதேச செயலகத்துக்குக் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.