பழுதைப் பார்

கெட்டுப்போன சாமானைச் சரிசெய்வதற்குத் தமிழில் ‘பழுது பார்த்தல்’ என்று பெயர். வைத்தவர்கள் விவரம் தெரிந்தவர்கள். முதலில் பார்க்க வேண்டும். எங்கே கெட்டது, ஏன் கெட்டது என்று கண்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. இன்று நமக்குப் பார்க்கப் பொறுமையில்லை. கெட்டதா, தூக்கி எறி. புதிதாக ஒன்று வாங்கு. இதற்கு நாகரிகம் என்று பெயர் சூட்டியிருக்கிறோம். கையாலாகாத்தனம் என்பதே சரியான பெயர். இதுதான் என் கட்சி.

பழைய வால்வு ரேடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். சேலம், நாமக்கல் பக்கத்து வீடுகளில் இன்னும் சில பரண்மேல் கிடக்கின்றன. 1939-ல் தொடங்கிய திருச்சி நிலையத்தைக் கேட்ட பெட்டிகள். வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கவும் தபாலாபீசில் வருஷா வருஷம் பணம் கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும். அந்த வழக்கம் 1980-களில்தான் ஒழிந்தது. அத்தனை மரியாதையோடு வாழ்ந்த பெட்டிக்கு இன்று இரண்டே கதி. ஒன்று, பழைய இரும்புக்காரர் தராசு. இல்லாவிட்டால், பாலீஷ் போட்டுக் கூடத்துக் கண்ணாடி அலமாரியில் பேசாத பொம்மையாக நிற்பது. முன்னது கொலை என்றால் பின்னது பிணத்துக்கு அலங்காரம்.

“அதற்கெல்லாம் இப்போது சாமான் கிடைக்காதே” என்பார்கள். சொல்பவர்கள் பெட்டியைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். எங்கள் அப்பாருவின் ஐந்து வால்வுப் பெட்டியை நான் வீட்டிலேயே பழுது பார்த்தேன். ஊரே வால்வின் மேல் பழி போட்டது. ஐந்து வால்வும் நன்றாக இருந்தன. பழைய ரேடியோக்களில் பெரும்பாலும் குற்றவாளி கண்டென்சர்தான். உள்ளே இருக்கும் ரசாயனம் காய்ந்து போகும். காகிதச் சுருளில் ஈரம் ஏறும். மின்சாரத்தை வடிகட்டும் பெரிய கண்டென்சர் செத்தால் பாட்டுக்குப் பதில் ‘உம்’மென்ற ஓசை வரும். கடைசி வால்வுக்கு ஒலியைக் கடத்தும் சின்னக் கண்டென்சர் கசிந்தால் குரல் கரகரக்கும். வால்வு அளவுக்கு மீறிச் சுடும். இரண்டுக்கும் ஈடான புதுச் சரக்கு எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறது. முள்ளை நகர்த்தும் நூல் அற்றிருந்தது. இழுபடாத முறுக்கு நூல் வேண்டும். நெசவாளர் ஊரில் நூலுக்கா பஞ்சம்?

ஆனால் தைரியம் வேறு, மடத்தனம் வேறு. முப்பது வருஷம் தூங்கிய பெட்டியை நேரே கரண்டில் சொருகக் கூடாது. இடையில் ஒரு 60 வாட் குண்டு பல்பை வரிசையாகக் கோத்துக் கொடுக்க வேண்டும். பல்பு மினுக்கி மங்கினால் நல்லது. முழு வெளிச்சமாக நின்று எரிந்தால் உள்ளே எங்கோ ஷார்ட் என்று அர்த்தம். உள்ளே 200, 250 வோல்ட் ஓடும். சுவிட்சை அணைத்த பிறகும் கண்டென்சருக்குள் தங்கியிருக்கும். டிரான்ஸ்பார்மர் இல்லாத சில பெட்டிகளில் அடித்தகடே கரண்டோடு சேர்ந்திருக்கும். அவற்றைப் பழகாதவர் தொடவே வேண்டாம். விஷயம் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கற்பதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

எங்கள் மாமா ஒருவர் லாரி வைத்திருப்பவர். “ஏன் மாப்ளே, இதுக்குப் போயி நாலு நாளு மெனக்கெடோணுமா? ஐந்நூறு ரூபாய்க்கு ப்ளூடூத் பெட்டி வருதே” என்றார். “உங்க கியர் பாக்ஸ் போனா புது லாரி வாங்குவீங்களா மாமா?” என்றேன். வெற்றிலையை மடித்தாரே தவிர, பதில் சொல்லவில்லை.

நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் சங்ககிரியிலும் லாரியைப் பிரித்துப் போட்டுப் பூட்டுகிற கைகள் எத்தனை! பாடி கட்டுகிறார்கள்; போர்வெல் வண்டி அமைக்கிறார்கள். அந்தச் சீமையில் ஒரு ரேடியோவைத் திறக்கப் பயமா? அமெரிக்க லாரிக்காரர்கள் 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது, ‘சிட்டிசன்ஸ் பாண்ட்’ என்ற குட்டி ரேடியோவில், எந்த பங்க்கில் டீசல் இருக்கிறதென்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அந்தக் காலத்துப் பெட்டிகளை வீட்டு மேஜையில் வைத்துச் சீர்செய்து இன்றும் அதில் பேசுகிறவர்கள் அங்கே உண்டு. நம் நாட்டில் அந்த 27 மெகாஹெர்ட்ஸ் அலையில் 5 வாட் வரை லைசென்ஸ் இல்லாமல் பேசலாம் என்ற விதி 2005-ல்தான் வந்தது. அதற்குள் நம் லாரிக்காரர் கைக்குச் செல்போன் வந்துவிட்டது.

அந்தச் செல்போனைப் பற்றித்தான் என் கோபமெல்லாம். பாட்டரி ஓய்ந்த ஒரு போனை ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். “திறந்தா உடைஞ்சிடும் சார், புதுசே வாங்கிடுங்க” என்றான் பையன். பழைய ரேடியோவின் முதுகில் நாலு திருகாணி இருந்தது. வாங்கினவருக்கு விற்றவர் காட்டிய மரியாதை அது. இன்று பசை வைத்து ஒட்டுகிறார்கள். பணம் கொடுத்தாயே தவிர நீ சொந்தக்காரனல்ல என்பதே அந்தப் பசைக்குப் பொருள்.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளமே திறந்தது. சந்தோஷம். ஆனால் உரிமை வந்து என்ன செய்ய? திருப்புளி பிடிக்கக் கை வேண்டாமா? இந்த இரண்டு மாவட்டங்களிலும் இன்ஜினீயரிங் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. எலெக்ட்ரானிக்ஸ் பட்டம் வாங்கிய பையன் ஒருவனிடம் ஸோல்டரிங் அயர்னைக் கொடுத்தேன். எந்தப் பக்கம் பிடிப்பது என்று கேட்டான். கடைத்தெரு ஓரத்தில் ஒற்றை பல்பின் கீழ் உட்கார்ந்து, பெட்டி போடும் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொன்ன ரேடியோ மெக்கானிக்குகளுக்கு இப்போது வயதாகிவிட்டது. அவர்களோடு அந்த வித்தையும் போய்விட்டால் எந்தக் கல்லூரியில் கட்டணம் கட்டித் திரும்ப வாங்குவது?

பழைய பெட்டியின் மேல் எனக்கு மோகமில்லை. புதிது வாங்குவதும் பாவமில்லை. வாங்கியதைத் திறக்கத் தெரியாத ஜனங்களாக நாம் ஆகிவிடக் கூடாது, அவ்வளவுதான். அப்படி ஆனால் விற்கிறவர் வைத்ததே விலை, அவர் குறித்ததே ஆயுள். உங்கள் பரணில் ஒரு ரேடியோ கிடந்தால் கீழே இறக்குங்கள். தெருவில் மிச்சமிருக்கும் மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிட்டுக் காப்பி கொடுங்கள். திருப்புளியை மட்டும் அவர் கையில் கொடுக்காதீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் கொடுங்கள். பெரியவர் சொல்லட்டும், பிள்ளை திறந்து பார்க்கட்டும்.