காணாமல் கற்கும் விலங்கியல்

"எம்.எஸ்ஸி. படிக்கிற பிள்ளை, மிருகக்காட்சிச் சாலையில் மான் மேய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானாமே!"

அல்வாலில் எங்கள் தெருவில் இந்தச் செய்தி பரவியபோது என் அன்னையார் பட்ட பாட்டை என் சொல்வது! தந்தையாரின் வேலை காரணமாக எட்டு ஆண்டுகளுக்கு முன் வேலூரை விட்டு வந்தவர்கள் நாங்கள். வந்த ஊரில் மகன் பெரிய ஆய்வுக்கூடத்தில் வெள்ளை அங்கியுடன் நிற்பான் என்று அம்மா எண்ணியிருந்தார். மகனோ விடியுமுன் எழுந்து, இரண்டு பஸ் மாறி, மூசி ஆற்றைக் கடந்து, நகரின் வடகோடியிலிருந்து தென்கோடிக்கு மான் பார்க்கப் போகிறான். எதிர்வீட்டு மாமி அனுதாபத்தோடு விசாரித்ததில் வியப்பில்லை.

மாமியின் நகைப்பு என்னை வருத்தவில்லை. அதே நகைப்பை விலங்கியல் கற்றவர்களிடமும் கண்டேன். அதுதான் என்னை இதை எழுதத் தூண்டியது.

நண்பர்களே! நாம் விலங்கியல் கற்கும் முறையைச் சற்று எண்ணிப் பாருங்கள். கல்லூரியில் நான் முதலில் கண்ட விலங்குகள் ஃபார்மலின் குப்பிகளில் இருந்தன. நிறம் வெளுத்துச் சுருண்டு கிடந்த பாம்புக்கு இலத்தீன் பெயர் எழுதினால் இரண்டு மதிப்பெண். எனக்கு முன் படித்தவர்கள் தவளையையும் கரப்பானையும் அறுத்தார்கள். 2014ஆம் ஆண்டு பல்கலைக் கழக மானியக் குழு அவ்வழக்கத்தை நிறுத்தச் சொல்லிவிட்டது. நல்லது, நானும் அதை வரவேற்பவனே. தவளை பிழைத்தது. ஆனால் அது விட்டுச்சென்ற இடத்தில் என்ன வந்தது? கணிப்பொறித் திரையில் ஒரு தவளைப் படம்! செத்த விலங்கைத் தொடுவது போயிற்று. உயிருள்ள விலங்கைப் பார்ப்பது இன்னும் வரவில்லை. விலங்கைக் காணாமலே ஒருவன் விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்றுவிட முடியும். நீச்சல் அறியாதவனுக்குக் கப்பல் தலைவன் பதவி கொடுப்பதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

விருப்பப் பாடமாக நான் எடுத்துக்கொண்டது விலங்குக் காட்சிச் சாலை உயிரியல். வகுப்பில் நாங்கள் நால்வர். இத்துறைக்கு அடித்தளமிட்டவர் ஹைனி ஹெடிகர் (1908–1992) என்னும் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர். பெர்ன், பாசல், சூரிக் ஆகிய மூன்று நகரங்களின் காட்சிச் சாலைகளையும் நடத்தியவர். அடைபட்ட விலங்கு கைதியன்று. தனக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு வாழும் உயிர். அதன் கண்ணால் அவ்விடத்தைப் பார்த்தால்தான் அதை நன்றாக வைத்திருக்க முடியும் என்பது அவர் கொள்கை. பகை நெருங்கும்போது எவ்வளவு தொலைவில் விலங்கு ஓடத் தொடங்குகிறதோ அதற்கு 'ஓட்டத் தொலைவு' என்று நான் தமிழில் குறித்துக்கொண்டேன். இதைவிட நல்ல சொல் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

அத்தொலைவை அளக்கத்தான் நாற்பது நாட்கள் வெளிமான்களைப் பார்த்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மானும் என்ன செய்கிறது என்று ஏட்டில் குறிக்க வேண்டும்: மேய்தல், அசைபோடுதல், நிற்றல், நக்குதல், ஓடுதல். எளிதாகத் தோன்றுகிறதல்லவா? முதல் நாள் பத்து மணிக்குள் எனக்கு எந்த மான் எது என்பதே குழம்பிவிட்டது. மூன்றாம் நாள் வெயிலுக்குக் குடையை விரித்தேன். கூட்டம் முழுவதும் துள்ளிப் பாய்ந்து மறு கோடிக்குப் போய்விட்டது. அன்றைய கணக்கு பாழ். முதல் வாரம் இருபது அடி வைத்தால் விலகின. ஐந்தாம் வாரம் எட்டு அடி வரை பொறுத்தன. தீவன வாளியுடன் வரும் காவலரையோ கைக்கெட்டும் தூரம் வரை விட்டன. ஒரே விலங்கு, ஒரே வேலி, ஆளுக்கொரு தொலைவு! இளங்கலைத் தேர்வில் 'முன்கண் சுரப்பி' பற்றி ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன். கரிய ஆண் மான் ஒன்று கண்ணுக்கு முன்னுள்ள அந்தப் பிளவை ஒரு குச்சியின் நுனியில் பதமாகத் தேய்த்து எல்லை குறிப்பதை அன்றுதான் கண்டேன். நான் எழுதிய விடை எனக்கே அன்றுதான் விளங்கிற்று.

இன்னொன்று. ஒருநாள் அந்தக் காவலர் ஒரு பெண் மானைக் காட்டி, "பேட்டா, நாளையோ மறுநாளோ ஈன்றுவிடும்" என்றார். எப்படித் தெரியும் என்றேன். கூட்டத்தைவிட்டுத் தனியே மேய்கிறதே என்றார். என் ஏட்டில் நான்கு நாட்களாக அந்த மான் தனித்தே இருந்திருக்கிறது. எழுதியவன் நான், படித்தவர் அவர். மறுநாள் குட்டி புல்லுக்குள் அசையாமல் படுத்திருந்தது.

இப்படிப் பார்க்கும் கண்ணுக்கு விலையில்லையா? 2021ஆம் ஆண்டு மே மாதம் ஐதராபாத் நேரு விலங்கியல் பூங்காவில் எட்டு ஆசியச் சிங்கங்களுக்குக் கொரோனாத் தொற்று உறுதியானது. சளி மாதிரியைச் சோதித்து நோயைப் பெயரிட்டது ஆய்வகம். ஆனால் சிங்கம் உணவில் நாட்டமின்றி இருமுகிறது என்று முதலில் கண்டவர்கள் அன்றாடம் அவற்றோடு இருந்தவர்கள். சிங்கங்கள் பிழைத்தன.

விலங்கை அடைத்து வைப்பதே தவறு என்பார் உண்டு. விடுதியில் இதைப்பற்றி என்னோடு சண்டைக்கு வந்த நண்பர் இருவர். அவர்கள் கேள்வியை நான் அற்பமாக எண்ணவில்லை. வேடிக்கைக்கு மட்டும் என்றால் பூட்டைத் திறந்துவிடுவதே முறை. ஆனால் சருகுமானைக் கேளுங்கள். மூன்று கிலோ எடை, கொம்பில்லை, ஆணுக்கு மேல்வாயில் சிறு தந்தம், இரவில் மட்டும் நடமாட்டம். நம்மில் பலர் பார்த்தேயிராத உயிர். நேரு பூங்காவில் 2010இல் சில சருகுமான்களைக் கொண்டு இனப்பெருக்கத் திட்டம் தொடங்கினார்கள். அத்தாப்பூரில் உள்ள அருகிவரும் உயிரினப் பாதுகாப்பு ஆய்வகத்தார், விலங்கைப் பிடித்து ஊசி குத்தி அச்சுறுத்தாமல், அதன் புழுக்கையில் உள்ள ஹார்மோனை அளந்தே சினையை அறிந்தார்கள். ஈன்ற சில மணி நேரத்திலேயே தாய் மீண்டும் இணைசேரும் என்பதும் தெரிந்தது. எண்ணிக்கை நூற்றைத் தாண்டியது. 2017இல் அவற்றிற் சிலவற்றை நல்லமலைத் தொடரிலுள்ள அம்ராபாத் புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். கூண்டில் பிறந்தது காட்டுக்குப் போயிற்று! மூலக்கூறு அறிவும் வேண்டியிருந்தது, விடிய விடியப் பார்த்திருந்த கண்ணும் வேண்டியிருந்தது. நம் பல்கலைக் கழகங்கள் முதலாவதைக் கற்பிக்கின்றன; இரண்டாவதைப் பொழுதுபோக்கு என்கின்றன.

'சருகுமான்' என்ற பெயரையே பாருங்கள். உதிர்ந்த சருகுகளுக்கிடையே அது நடப்பதைக் கண்ட ஒருவர் வைத்த பெயராகத்தான் எனக்குப் படுகிறது. தொல்காப்பிய மரபியல் குருளை, கன்று, பறழ், மறி என்று உயிர்களின் இளமைக்கே ஒன்பது பெயர்களைப் பிரித்து வைத்திருக்கிறது. நூலகத்தில் உட்கார்ந்து அவற்றைப் பிரித்திருக்க முடியுமா? பழம்பெருமை பேசுவது நம் மன்றங்களுக்குப் பிடித்த வேலை. அப்பெருமை பார்த்ததால் வந்தது என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம்.

என் நேர்முகத் தேர்வில் ஓர் ஆசிரியர் ஏட்டைப் புரட்டிவிட்டு, "இதில் பரிசோதனை எங்கே?" என்று கேட்டார். வாய் உலர்ந்து நின்றேன். இன்று கேட்டால் சொல்வேன்: ஐயா, குடையை விரித்தேனே, அதுதான் பரிசோதனை. மதிப்பெண் குறைந்தது. அடுத்த பருவத்தில் மரபணுப் பிரிவுக்கு மாறிவிடு, வேலை கிடைக்கும் என்கிறார் தந்தையார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வீட்டு வாடகை நான் அறியாததன்று. ஆயினும் நான் மாறப்போவதில்லை.

விலங்கியல் முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் ஒரு மாதமாவது காட்சிச் சாலையில் ஏடும் கையுமாக இருக்க வேண்டும். அதைச் செய்முறைத் தேர்வாகக் கணக்கிட வேண்டும். நம் துறைத் தலைவர்கள் கையெழுத்திட்டால் முடிகிற காரியம் இது.

நம் மன்றத்துக்கும் ஒரு விண்ணப்பம். ஆண்டுச் சுற்றுலாவில் பூங்காவுக்குப் போகிறோம். இரண்டு மணி நேரத்தில் நூறு விலங்கைக் கடந்து, புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து, திரும்பி வருகிறோம். இம்முறை என்னோடு ஐவர் வாருங்கள். ஒரே வேலி, ஒரே விலங்கு, காலை முழுவதும். ஞாயிறு ஏழு மணிக்கு செகந்திராபாத் நிலைய வாயிலில் நிற்பேன். தமிழ் இலக்கிய மாணவர்களும் வரலாம். தொப்பி கொண்டுவாருங்கள்; குடை வேண்டாம்.