பறந்தவர்க்கே பயன்
(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வணிகவியல்)

விமானப் பயணப் புள்ளிகளைப் பற்றி மலருக்கு எழுதப் போகிறேன் என்றதும் நண்பர்கள் சிரித்தார்கள். “காசிமேட்டு மீன் ஏலத்தைப் பற்றி எழுது, பொருந்தும். நமக்கும் விமானத்துக்கும் என்னடா சம்பந்தம்?” என்றான் ஒருவன்.

சம்பந்தம் உண்டு. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் தெருத்தெருவாகக் கேட்டுப் பாருங்கள். வளைகுடாவுக்கு வெல்டராகப் போனவர், கப்பலுக்குப் போனவர் என்று ஒருவராவது இருப்பார். கப்பல்காரர்கூட இன்று பெரும்பாலும் நம் துறைமுகத்தில் ஏறுவதில்லை. கப்பல் நிற்கும் ஊருக்கு விமானத்தில் போய்த்தான் ஏறுகிறார். என் தந்தையாரும் அப்படிப் போகிறவர். சரக்குக் கப்பலில் பிட்டர்.

2023 டிசம்பரில் என் அம்மாவைப் பெற்ற ஆயா, அந்தமானில் போர்ட் பிளேரில் மாமா வீட்டில் இறந்து போனார். அப்பா அப்போது கடலில். கப்பலில் போனால் மூன்று நாள். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஆனால் மறுநாள் பயணத்துக்குக் கேட்ட கட்டணம் எங்கள் வீட்டின் ஒரு மாதச் செலவைத் தாண்டியது. அம்மா போகவில்லை. தாயின் முகத்தைக் கைபேசியில்தான் கடைசியாகப் பார்த்தார்.

அப்பா திரும்பி வந்தபின் ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து காட்டினார். ஆறு ஆண்டுகளாகப் பறந்த போர்டிங் பாஸ்கள் அத்தனையும் அதில் இருந்தன. ஒன்றுக்கும் அவர் புள்ளி பெறவில்லை. அப்படி ஒரு திட்டம் இருப்பதே அவருக்குத் தெரியாது! நான் உறுப்பினராகப் பதிந்து எழுதிக் கேட்டேன். சில மாதங்களுக்குள் பறந்த பயணங்களை மட்டுமே ஏற்பார்களாம். கடைசி இரண்டு பயணங்கள் கணக்கில் ஏறின. மற்றவை வெறும் காகிதமாயின.

இந்தத் திட்டம் புதிதன்று. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் 1981 மே 1ஆம் நாள் தொடங்கியது. பிறகு உலகெங்கும் பரவியது. அடிக்கடி பறப்பவர் வேறு நிறுவனத்துக்குப் போய்விடாமல் இருக்கக் கொடுக்கும் சலுகை இது. எண்ணூரிலிருந்து நாள்தோறும் ரயிலில் வருபவர் சீசன் டிக்கெட் எடுக்கிறார் அல்லவா? ரயில்வே அந்தச் சலுகையை முன்னதாகவே கொடுத்துவிடுகிறது. விமான நிறுவனமோ பின்னால் கொடுக்கிறது. அதுவும் கேட்பவருக்கு மட்டுமே கொடுக்கிறது. கேளாதவரின் பங்கு நிறுவனத்துக்கே மிச்சம்.

“இதெல்லாம் பணக்காரர்க்கு வைத்த தூண்டில்” என்று சிலர் சொல்வர். பாதி உண்மை. புள்ளிக்காகவே கூடுதல் கட்டணச் சீட்டு வாங்குபவரும், கடன் அட்டையில் வேண்டாத பொருள் வாங்கிக் குவிப்பவரும் தூண்டிலில் மாட்டிய மீன்களே. ஆனால் நம் தந்தையரின் நிலை வேறு. சீட்டை நிறுவனம் வாங்கித் தருகிறது. புள்ளியோ பொதுவாகப் பறந்தவர் பெயரில்தான் சேருகிறது. கைக்காசு செலவில்லாமல் வருவதை விடுவது, கூலியில் ஒரு பகுதியை வாங்காமல் வருவதற்கு ஒப்பாகும்.

செய்யவேண்டியவை சிலவே. உறுப்பினராவதற்குப் பணம் கேட்பதில்லை. பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கவேண்டும். சீட்டு எடுக்கும்போதே உறுப்பினர் எண்ணைத் தரவேண்டும். சில மலிவுச் சீட்டுகளுக்குப் புள்ளி குறைவு, சிலவற்றுக்கு இல்லவே இல்லை, கேட்டு அறியவேண்டும். நான்கு கணக்கில் சிதறவிடாமல் ஒன்றில் சேர்ப்பது நல்லது. ஏர் இந்தியா 2014 ஜூலையில் ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் சேர்ந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் அதே கூட்டணி. எனவே இரண்டில் எதில் பறந்தாலும், தகுதியுள்ள சீட்டானால், ஒரே கணக்கில் சேர்க்கலாம்.

செலவழிக்கையில் கணக்குப் போடவேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: சீட்டின் விலை 12,000 ரூபாய், அதில் வரியும் பிற கட்டணமும் 2,000. புள்ளி கொடுத்தாலும் இந்த 2,000த்தைக் கையிலிருந்து கட்டவேண்டும். 20,000 புள்ளி கேட்கிறார்கள் என்றால், 10,000 ரூபாய்க்கு 20,000 புள்ளி. ஒரு புள்ளி 50 காசு. அதே 20,000 புள்ளிக்கு 3,000 ரூபாய் மிக்ஸி தருகிறேன் என்றால், ஒரு புள்ளி 15 காசுதான். எது இலாபம் என்று வணிகவியல் படித்தவன்தான் சொல்லவேண்டுமா? சில திட்டங்களில், கடைசி நேரத்தில் சீட்டு விலை ஏறும் அளவுக்குப் புள்ளி ஏறுவதில்லை. இடம் மட்டும் கிடைத்துவிட்டால், சாவுக்கும் நோவுக்கும் ஓடும் நாளில்தான் புள்ளிக்கு உயர்ந்த மதிப்பு.

அதற்காகப் பூட்டியும் வைக்கக்கூடாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் புள்ளிகளுக்கு மூன்று ஆண்டுதான் ஆயுள். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று பறப்பதை நிறுத்தியது. அதன் புள்ளித் திட்டம் வேறு பெயரில் தொடர்ந்தாலும், ஜெட்டில் ஏறலாம் என்று சேர்த்தவர்க்கு ஏற விமானம் இல்லை. புள்ளி என்பது வங்கியில் போட்ட பணமன்று. அதன் விலையை நிர்ணயிப்பவர் அவர்களே. அவசரத்துக்கு ஒரு பயணத்தின் அளவு வைத்துக்கொண்டு, மிஞ்சியதைக் காலத்தில் செலவழிப்பதே அறிவுடைமை.

நண்பர்களே, நம் தந்தையர்க்கு இரும்பை ஒட்டத் தெரியும், எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரியும். விதிமுறைகளைப் படித்து மின்னஞ்சல் எழுதுவது நம் வேலை. விம்கோ நகரில் மெட்ரோ ரயில் ஏறினால் அது நேரே விமான நிலையத்தில் இறக்கிவிடுகிறது. வழியனுப்பப் போகும் பிள்ளை, அப்பாவின் உறுப்பினர் எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும்.

“இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஆயாவைப் பாத்திருப்பேனாடா?” என்று அம்மா ஒருநாள் கேட்டார். “இடம் கிடைச்சிருந்தா பாத்திருக்கலாம்மா” என்றேன். வேறென்ன சொல்வது? அடுத்த வீட்டு அம்மாவாவது அப்படிக் கேட்கும் நிலை வரவேண்டாம் என்றுதான் இதை எழுதினேன்.