கதைக்கும் ஒரு பாடு வேண்டும்



நான் நாடகத்தைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். நாடகம் என்றதும் "ஆண்டு விழா வருதா?" என்று கேட்காதீர்கள். நாம் போடுகிற நாடகத்தில் ஒரு தப்பு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அந்தத் தப்பில் எனக்கும் பங்கு உண்டு.

போன வருஷம் ஒரு விழாவில் நாங்க ஆறு பேர் சேர்ந்து குடிப்பழக்கத்தைப் பற்றி நாடகம் போட்டோம். எனக்கு மீன் விற்கிற அம்மா வேஷம். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் பேசிய பேச்சுக்கு அப்படி ஒரு கைதட்டல். அந்தப் பேச்சை நான் யோசித்து எழுதவில்லை. எங்க பக்கத்துத் தெருவில் ஒரு அம்மா அப்படித்தான் பேசுவாங்க. அவங்க கையை ஆட்டுவது, வார்த்தையை இழுப்பது எல்லாத்தையும் அப்படியே செய்தேன். யாரைச் செய்கிறேன் என்று பார்த்தவங்களுக்கு உடனே தெரிஞ்சு போச்சு. அதனால்தான் சிரிச்சாங்க. அவங்க பொண்ணும் நம்மோடுதான் படிக்கிறாள். அன்றைக்கு இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அதற்கப்புறம் மூணு நாள் அவள் பள்ளிக்கூடம் வரவில்லை. நாலாம் நாள் வந்தாள். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எங்கம்மாகிட்ட கேட்டியா?"

நான் கேட்கவில்லை. கேட்கணும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாடகம் நல்ல கருத்துள்ள நாடகம்தானே, குடிக்கக் கூடாது என்று தானே சொன்னோம் என்று மனசுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எங்க வீட்டுச் சண்டையை யாராவது மேடையில் செய்து, ஊரே சிரித்தால் நான் சும்மா இருப்பேனா?

கொஞ்ச நாள் கழித்து எங்கள் தமிழம்மா ஒரு பயிற்சிக்குப் போய் வந்து ஒரு நாடக முறையைப் பற்றிச் சொன்னார்கள். அதற்குப் பெயர் பிளேபேக் தியேட்டர். பிளேபேக் என்றதும் எங்க வகுப்பில் எல்லாரும் சினிமாப் பாட்டு என்று நினைத்தோம். சினிமாவில் பாடகி பாடுவார், நடிகை வாயை அசைப்பார். ஆனால் இது வேறு. இங்கே ஒருவர் தன் கதையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் அதை அங்கேயே, அப்போதே நடித்துக் காட்டுவார்கள். எழுதி வைத்த வசனம் கிடையாது. ஒத்திகை கிடையாது. கதை பார்க்க வந்தவர்களுடையது.

இதை 1975-ஆம் ஆண்டு அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில் ஜோனதன் ஃபாக்ஸ், ஜோ சாலஸ் என்ற இருவரும் நண்பர்களோடு சேர்ந்து தொடங்கினார்கள். ஃபாக்ஸ் அதற்கு முன்னால் தொண்டராக நேபாளத்துக்கு வந்து கிராமத்தில் வாழ்ந்தவர். இன்றைக்கு இது பல நாடுகளில் நடக்கிறது. நமக்குப் பக்கத்தில் சென்னையிலேயே சிரில் அலெக்சாண்டர் என்பவர் தொடங்கிய ஸ்டெர்லிங் பிளேபேக் தியேட்டர் என்ற குழு இருக்கிறது. 2019 டிசம்பரில் இந்த நாடகக்காரர்களின் உலக மாநாடு பெங்களூரில் நடந்தது.

எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். மேடையில் ஒரு ஓரமாக இரண்டு நாற்காலி. ஒன்றில் நடத்துபவர் உட்காருவார். கதை சொல்ல விரும்புகிறவர் கூட்டத்தில் இருந்து எழுந்து வந்து இன்னொன்றில் உட்காருவார். எங்கே நடந்தது, எப்போது நடந்தது, கூட யார் இருந்தார்கள், மனசு எப்படி இருந்தது என்று நடத்துபவர் பொறுமையாகக் கேட்பார். நாலைந்து நடிகர்கள் நின்றுகொண்டு காது கொடுத்துக் கேட்பார்கள். "உங்களாக நடிக்க யார் வேண்டும்?" என்று கேட்டால், கதை சொன்னவரே கை காட்டித் தேர்ந்தெடுப்பார். பிறகு நடிகர்கள் தங்களுக்குள் குசுகுசு என்று பேசிக்கொள்ளாமல் அப்படியே நடிப்பார்கள். ஒருவர் பக்கத்தில் இசை வாசிப்பார். கலர் துணிகள்தான் கடல், வீடு, மழை எல்லாம். முடிந்ததும் நடிகர்கள் கதை சொன்னவரைப் பார்த்து நிற்பார்கள். "இப்படித்தான் இருந்ததா?" என்று நடத்துபவர் கேட்பார். கடைசி வார்த்தை கதை சொன்னவருடையது.

இந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஏன் என்று எங்கள் வகுப்பில் நடந்ததைச் சொன்னால் உங்களுக்கே புரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை கடைசிப் பிரியடில் தமிழம்மா இதைச் செய்து பார்க்கலாம் என்றார்கள். யார் கதை சொல்வது? எல்லாரும் பெஞ்சைப் பார்த்தோம். அப்புறம் ஒரு பையன் எழுந்து போனான். எழுதிக்கோ என்று அவன் சொன்னதால்தான் எழுதுகிறேன். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாளில் நம்ம பக்கத்து மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவிப்பு வரும், உங்களுக்கே தெரியும். அவன் சொன்ன கதை அவ்வளவுதான். "ராக்கெட் விட்ட அன்னைக்கு எங்கப்பா கடலுக்குப் போகல. வீட்ல இருந்தாரு."

நாங்க நாலு பேர் நடித்தோம். ஒரு துப்பட்டா கடல், பெஞ்சு படகு. ஒருத்தி டிபன் பாக்ஸில் தாளம் போட்டாள். அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்தார். அம்மா, "அரிசி இல்லை" என்றாள். பையன் அழுதான். தூரத்தில் ராக்கெட் மேலே போக, ஊரே கைதட்டியது. எங்களுக்கே தொண்டை அடைத்தது. பிரமாதமாக நடித்துவிட்டோம் என்று நினைத்தோம்.

தமிழம்மா அவனைப் பார்த்து, "இப்படித்தான் இருந்துச்சாப்பா?" என்று கேட்டார்கள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்: "நல்லாத்தான் பண்ணாங்க டீச்சர். ஆனா அப்படி இல்ல. காசு போச்சுதான். ஆனா எனக்கு அன்னைக்கு சந்தோஷம். அப்பா எப்பவும் விடியறதுக்கு முன்னாடியே போயிடுவாரு. அன்னைக்கு மத்தியானம் எங்ககூட உட்கார்ந்து சாப்பிட்டாரு. என்னைத் தோள்ல தூக்கி ராக்கெட் காட்டினாரு."

வகுப்பே அமைதியாகிவிட்டது. நாங்களும் மீனவர் வீட்டுப் பிள்ளைகள்தான். ஆனாலும் மீனவர் கதை என்றால் வறுமை, கண்ணீர், குடி என்று நாங்களே முடிவு செய்து வைத்திருந்தோம். டி.வி.யில் பார்த்து, மேடையில் பார்த்து அப்படி ஆகிவிட்டது. அவனுக்குக் கடைசி வார்த்தை இல்லாமல் போயிருந்தால், அவனுடைய சந்தோஷத்தை நாங்கள் அழுகையாக்கிவிட்டு, கைதட்டலும் வாங்கிக்கொண்டு போயிருப்போம்.

எங்க ஆயா 2004 டிசம்பர் 26 சுனாமியில் ஓடிப் பிழைத்தது. அப்போ நான் பிறக்கவே இல்லை. எத்தனை பேர் செத்தாங்க, என்னென்ன போச்சு என்றுதான் வந்தவங்க எல்லாரும் கேட்டாங்களாம். ஆனால் ஆயா அந்தக் கதையை ஆரம்பித்தால் அலையில் ஆரம்பிக்காது. அடுப்பில் வைத்த குழம்பை இறக்காமல் ஓடினதில்தான் ஆரம்பிக்கும். அப்படி ஆரம்பித்தால்தான் மீதியைச் சொல்ல அதுக்கு முடியும். எங்கே ஆரம்பிப்பது என்பதுகூடக் கதைக்குச் சொந்தக்காரர் இஷ்டம்தானே?

நம்ம ஏரியில் பாடு என்று ஒன்று இருக்கிறது. சுத்து வலை போட இன்னார்க்கு இன்ன நாள், இன்ன இடம் என்று முறை வைத்துப் போவது. இன்றைக்கு நல்ல இடம் உனக்கு என்றால், நாளைக்கு எனக்கு. ஒருத்தரே நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்ள முடியாது. சண்டை வராமல் இருக்கப் பெரியவங்க வைத்த வழி. பாடு என்றால் கஷ்டம் என்றும் அர்த்தம். "நான் பட்ட பாடு இருக்கே..." என்றுதான் ஆயாவும் பேச ஆரம்பிக்கும். பாடு பட்டவங்களுக்கு அதைச் சொல்லவும் ஒரு பாடு வேண்டும் என்பதுதான் என் கருத்து. நம் பள்ளியில் அந்தப் பாடு யாருக்குக் கிடைக்கிறது? நன்றாகப் பேசுகிறவர்களுக்கு, சத்தமாகப் பேசுகிறவர்களுக்கு. எனக்கே பல தடவை கிடைத்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்லணும். ஏரிப் பாட்டில் எல்லாருக்கும் இடம் இல்லை. அது சில குப்பங்களுக்கு மட்டும், அதிலும் ஆண்கள் பேரில் மட்டும். வாயில் பறியைக் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் கையால் இறால் தடவுகிற பெண்களுக்குப் பாடு கிடையாது. ஏரி விஷயத்தைப் பெரியவங்க பேசட்டும். வகுப்பில் நாம் வைக்கிற பாடாவது ஒருத்தரையும் விடாமல் இருக்கட்டும். இறால் தடவுகிறவங்க பிள்ளையும், வலை பின்னுகிறவங்க பிள்ளையும், வேறு ஊரில் இருந்து வந்து சேர்ந்தவங்களும் அந்த நாற்காலியில் உட்காரணும்.

"நம்ம தெருக்கூத்தில் இல்லாததா?" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். பாரதக் கூத்தில் கட்டியங்காரன் வந்து, அர்ச்சுனன் கதைக்கு நடுவிலே நம்ம ஊர் விஷயத்தையும் அந்த நிமிஷமே சேர்த்துப் பேசிச் சிரிக்க வைப்பான். அதனால் யோசிக்காமல் மேடையில் பேசுவது நமக்குப் புதுசு இல்லை. ஆனால் கட்டியங்காரன் யாரையும் கேட்டுப் பேசுவதில்லை. கிண்டல் பட்டவருக்குப் பதில் சொல்ல நாற்காலியும் இல்லை. போன வருஷம் நானும் கட்டியங்காரன் வேலையைத்தான் செய்தேன்.

"வீட்டு விஷயத்தை வெளியே சொல்லலாமா?" என்று எங்கம்மா கேட்டார்கள். நியாயமான கேள்வி. எல்லாக் கதையும் மேடைக்கு வரத் தேவையில்லை. தொலைந்துபோன பேனா, முதன்முதலாகப் படகில் போனது, மழைக்குப் பள்ளி விட்ட நாள் இவையும் கதைதான். பெரிய வலி இருந்தால் அதை நாற்பது பேர் முன்னால் சொல்லச் சொல்வது தப்பு. யாராவது அடித்தால், தொந்தரவு கொடுத்தால் அதை நாடகமாகப் போடுவதில் பிரயோஜனம் இல்லை. நம்பிக்கையான டீச்சரிடமோ, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணிலோ சொல்ல வேண்டும்.

"சொன்ன கதையை வைத்து வெளியே கிண்டல் பண்ணுவாங்களே?" என்று தோழிகள் கேட்டார்கள். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. நம்ம பசங்க பட்டப் பேர் வைக்கக் காரணம் தேடுகிறவங்க. அதனால் சில விதிமுறைகள் வேண்டும் என்று நினைக்கிறேன்.

1. யாரையும் கட்டாயப்படுத்திக் கதை கேட்கக் கூடாது. "நான் சொல்லல" என்றால் அதோடு விட்டுவிட வேண்டும்.

2. தன் கதையைத்தான் சொல்லணும். அடுத்தவர் கதையை அவரைக் கேட்காமல் சொல்லக் கூடாது.

3. வகுப்பில் சொன்னது வகுப்போடு. வெளியே கிண்டல் செய்தவருக்கு அந்த வருஷம் நடிக்க வாய்ப்பு இல்லை.

4. முடிவில் கடைசி வார்த்தை கதை சொன்னவருக்கு.

5. ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. கதை முடிந்ததும், "இதிலிருந்து நாம் அறியும் நீதி என்னவென்றால்" என்று சொல்லக் கூடாது.

ஐந்தாவதைப் பார்த்துத் தமிழம்மா சிரித்துவிட்டு, "இருக்கட்டும், எழுது" என்று விட்டுவிட்டார்கள்.

நீதி சொல்லும் நாடகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கலைத் திருவிழாப் போட்டிக்கு வசனம் எழுதி, ஒத்திகை பார்த்துத்தான் போக வேண்டும். அது அப்படியே நடக்கட்டும். மாதத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை கடைசிப் பிரியடை மட்டும் இதற்குக் கொடுங்கள் என்று தலைமை ஆசிரியர் அவர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். மேடை வேண்டாம், மைக் வேண்டாம், செலவு இல்லை. இரண்டு நாற்காலியும் நாலு துணியும் போதும். நடிக்கத் தெரிவதைவிடக் கேட்கத் தெரிவதுதான் இதில் முக்கியம். ஒருத்தர் பேசும்போது முப்பத்தொன்பது பேர் வாயை மூடிக் கேட்பது நம் பள்ளியில் எப்போது நடக்கிறது, சொல்லுங்கள்?

கடைசியாக ஒன்று. இதை ஒட்டுவதற்கு முன்னால் அந்தத் தோழியிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டாள். அவள் அம்மாவைப் பற்றி நான் எழுதியிருந்த ஒரு வரியை எடுக்கச் சொன்னாள். எடுத்துவிட்டேன். பேர் வேண்டாம் என்றாள். போடவில்லை. மூணு நாள் வராததை எழுதலாமா என்று கேட்டேன். "எழுது. அது நடந்ததுதானே" என்றாள். பிறகு நாங்க ரெண்டு பேரும் அவங்க வீட்டுக்குப் போனோம். அவங்கம்மாவிடம் நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவங்க என்ன பதில் சொன்னாங்க என்பதை இங்கே எழுத மாட்டேன். அது அவங்க கதை.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி